புகையாமல் கணப்பு மூட்ட

டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் தங்க வருகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி, "அக்கா, ஃபயர் பிளேஸ் எரியுமா?" என்பதுதான். எரியும். ஆனால் மூட்டத் தெரியாமல் மூட்டினால் கூடம் முழுக்கப் புகைதான் இருக்கும், நெருப்பு இருக்காது. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பழைய பங்களா வாங்கியிருக்கிறவர்களுக்கும், கணப்புள்ள வீட்டில் நாலு நாள் தங்கப் போகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

பாதி வேலை விறகிலேயே முடிந்துவிடும். எனக்குப் பிடித்தது சீகை, அதாவது வாட்டில் மரம். நின்று எரியும், கங்கும் நெடுநேரம் கனன்றுகொண்டிருக்கும். கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) நல்ல சூடு தரும். எண்ணெய்ப் பசை உள்ள மரம் என்பதால் படபடவென்று பொறி தெறிக்கும், முன்னால் கிடக்கும் கம்பளத்தைச் சுருட்டி வைத்துவிடுங்கள். பைன் சட்டென்று பிடிக்கும், சட்டென்று தீரும், சிம்னியில் கரியையும் ஏற்றும். பற்றவைக்கத் தேயிலை மிலாரை, அதாவது காய்ந்த சுள்ளியை, அடித்துக்கொள்ள ஆளில்லை. கவாத்து வெட்டுகிற சமயம் தோட்டக்காரர்களிடம் சொல்லி வைத்தால் கட்டுக் கட்டாகக் கிடைக்கும். நம் கொல்லையில் நிற்கிற மரம்தானே என்று கோடரியைத் தூக்கிவிடாதீர்கள். 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் சொந்த நிலத்து மரத்துக்கும் உண்டு. அனுமதி வாங்கித்தான் வெட்ட வேண்டும்.

எந்த மரமானாலும் காய்ந்திருக்க வேண்டும். ஈர விறகில் சூட்டில் ஒரு பங்கு தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும், புகையும் கூடும். இங்கிலாந்தில் 2021 மே முதல், சில்லறையாக விற்கும் விறகில் ஈரம் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று சட்டமே போட்டிருக்கிறார்கள். நமக்கு மீட்டர் வேண்டாம், காது போதும். இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டுங்கள்: 'டங்' என்றால் காய்ந்தது, 'தப்' என்றால் இன்னும் ஈரம். வெட்டு முகத்தில் நடுவிலிருந்து கீறல்கள் ஓடியிருந்தால் நல்லது. ஜனவரியில் பிளந்த விறகை நான் அடுத்த குளிருக்குத்தான் எடுப்பேன். செங்கல் மேல் அடுக்கி, மேலே மட்டும் தகரம் போட்டு, பக்கங்களைத் திறந்து விட வேண்டும். மழைக்குப் பயந்து தார்ப்பாயால் சுற்றி மூடினால் உள்ளேயே பூஞ்சை பிடிக்கும். பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட் இரண்டும் கணப்புப் பக்கமே வரக் கூடாது; அந்தப் புகை விஷம்.

அப்புறம் சிம்னி. மழைக்காலம் முடிந்ததும் டார்ச் அடித்து மேலே பாருங்கள். பறவைக் கூடு இருக்கலாம், தேன்கூடும் இருக்கலாம். வருடத்துக்கு ஒரு தரமாவது ஆள் வைத்து பிரஷ் விட்டுச் சுரண்ட வேண்டும். ஈர விறகு எரித்த சிம்னியின் உட்சுவரில் தார் போலப் பளபளப்பாகக் கரி ஒட்டியிருக்கும். அது தீப்பிடித்தால் சிம்னியே பற்றி எரியும்.

சரி, மூட்டலாம். நெருப்புக்கு மேலே சிம்னி குறுகித் தொடங்குகிற இடம்தான் தொண்டை; அங்கே இரும்புத் தகடு இருந்தால் முழுக்கத் திறங்கள். பல நாள் எரியாத சிம்னிக்குள் குளிர்ந்த காற்று கனத்துக்கொண்டு நிற்கும். அது கீழே இறங்குவதால்தான் புகை முகத்தில் அடிக்கிறது. ஆகவே முதலில் ஒரு செய்தித்தாளை முறுக்கிப் பற்றவைத்து, தொண்டைக்கு நேராக உயர்த்திப் பிடியுங்கள். சுடர் மேல்நோக்கி இழுபடுவது கண்ணுக்கே தெரியும். அதற்குப் பிறகுதான் விறகுக்குத் தீ.

அடுக்கும்போது பெரிய கட்டைகள் அடியில், அதன் மேல் பிளந்த சிறு துண்டுகள், உச்சியில் மிலாரும் தாளும். தீயை உச்சியில் வைக்க வேண்டும். தலைகீழாக இருக்கிறதே என்று எல்லோரும் சிரிப்பார்கள். ஆனால் கீழே சூடேறும் கட்டையிலிருந்து கிளம்பும் புகை மேலே உள்ள சுடரில் எரிந்துபோவதால் வெளியே வருவது குறைவு. அடியில் ஒரு அங்குலம் பழைய சாம்பல் கிடந்தால் இன்னும் நன்றாகப் பிடிக்கும். மண்ணெண்ணெய் மட்டும் ஊற்றாதீர்கள். ஊதாங்குழல் பக்கத்திலேயே இருக்கிறது.

"ஜன்னலை ஒரு விரல் திறந்து வைங்க தம்பி" என்றால், "குளிருதுன்னுதானே அக்கா நெருப்பே போடறோம்?" என்பார்கள். நெருப்பு உள்ளே இருக்கிற காற்றைத் தின்றுகொண்டே இருக்கும். வேறு காற்று வர வழி இல்லாவிட்டால் சிம்னி வழியாகவே புகையோடு உள்ளே இழுக்கும். கங்கு கனன்றுகொண்டிருக்கும்போது தகட்டை மூடிவிட்டுத் தூங்கப் போகவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. சிம்னி இல்லாத அறையில் கரி அடுப்பை வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்தி மலை ஊர்களிலிருந்து அவ்வப்போது வந்துகொண்டுதான் இருக்கிறது.

இத்தனையும் செய்து, திறந்த கணப்பில் அறைக்குக் கிடைப்பது விறகின் சூட்டில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. மற்றதெல்லாம் வானத்துக்கு. 1796இல் ரம்ஃபோர்டு பிரபு என்பவர், கணப்பின் ஆழத்தைக் குறைத்து, பக்கச் சுவர்களைச் சாய்த்து, தொண்டையைக் குறுக்கினால் சூடு அறைக்குள் வீசும் என்று எழுதினார். உங்கள் வீட்டுக் கணப்பு அப்படி இருந்தால் அதிர்ஷ்டம். அதை இடித்து அகலமாக்கச் சொல்கிற கொத்தனாரைத் திருப்பி அனுப்புங்கள்.

வேறு வழி தேடுகிறவர்கள் சுவீடன், ஜெர்மனி பக்கத்து, ஓடு பதித்த செங்கல் அடுப்புகளின் படத்தைக் காட்டுவார்கள். சுவீடனில் விறகுப் பஞ்சம் வந்த காலத்தில், 1767இல், புகை நேராக மேலே போகாமல் உள்ளேயே ஏறி இறங்கிச் சுற்றிப் போகிற மாதிரி அடுப்பைத் திருத்திக் கட்டினார்கள். செங்கல் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு, நெருப்பு அணைந்த பிறகும் பல மணி நேரம் விடும். அழகுதான். ஆனால் அது சூடாகவே நேரம் பிடிக்கும், மாதக்கணக்கில் விடாமல் குளிரும் ஊருக்குச் சரி. நமக்கோ பகலில் வெயில், ஆறு மணிக்கு மேல் குளிர். காஷ்மீரத்து புகாரி மாதிரி, கதவும் குழாயும் உள்ள இரும்பு அடுப்புதான் இங்கே பொருந்தும். சீக்கிரம் சூடாகும், விறகும் பாதிதான் ஆகும். செல்ஃபிக்கு மட்டும் அவ்வளவு எடுப்பாக இருக்காது.

காலையில் சாம்பலை அள்ளும்போது ஆறிவிட்டது என்று நம்பாதீர்கள். உள்ளே கங்கு ஒரு நாளுக்கு மேல்கூட உயிரோடு கிடக்கும். இரும்பு வாளியில் அள்ளி, மூடி போட்டு, வெளியே கல் தரையில் வையுங்கள். நன்றாக ஆறியதும் முட்டைக்கோஸ், பீட்ரூட் பாத்திக்குக் கொஞ்சம் தூவலாம், நம் மலை மண்ணின் புளிப்பைக் குறைக்கும். தேயிலைச் செடிக்குப் புளிப்பு மண்தான் வேண்டும், அங்கே போட வேண்டாம். உருளைக்கிழங்குப் பாத்தியிலும் வேண்டாம், கிழங்கில் சொறி வரும்.