பேட்டரி சோதனையில் பாதுகாப்பு எல்லைகளையும் தானியங்கி நிறுத்தத்தையும் அமைப்பது எப்படி?

சார்ஜ் செய்யும் கருவியும் பதிவு மென்பொருளும் ஏற்கெனவே ஓடுகின்றன என்று எடுத்துக்கொள்கிறேன். சோதிப்பது 4.2 வோல்ட் வரை சார்ஜ் ஆகும் லித்தியம்-அயன் செல்.

படி 1: ஒவ்வோர் அளவுக்கும் எச்சரிக்கை, நிறுத்தம் என இரண்டு எல்லைகள் வையுங்கள். மின்னழுத்தத்துக்கு 4.22, 4.25 வோல்ட் என வைக்கலாம். நிறுத்தத்தைச் சரியாக 4.20-இல் வைத்தால், சார்ஜ் நிறையும்போதெல்லாம் சோதனை வீணாக நிற்கும். வெப்பநிலைக்குத் தயாரிப்பாளரின் தகவல் தாளைப் பாருங்கள். சார்ஜ் செய்ய 45 டிகிரி செல்சியஸ்தான் உச்சம் என்று பல செல்களுக்குக் குறித்திருப்பார்கள்.

படி 2: இங்கேதான் நான் நெடுநேரம் திணறினேன். தெர்மோகப்பிளின் (இரு உலோகக் கம்பிகளின் முனைகளை இணைத்து வெப்பநிலையை அளக்கும் உணரி) கம்பி அறுந்தால் உங்கள் கருவி என்ன காட்டும்? அளவின் உச்சிக்குப் போக வேண்டுமா, அடிக்குப் போக வேண்டுமா என்று பல கருவிகளில் நாமே தேர்ந்தெடுக்கலாம். அடி என்று இருந்தால், செல் கொதித்தாலும் அலாரம் அடிக்காது. உச்சியையே தேர்ந்தெடுங்கள்.

இதைவிட வஞ்சகமானது, உறை தேய்ந்து இரு கம்பிகளும் நடுவழியில் தொட்டுக்கொள்வது. அப்போது தொட்ட இடத்தின் வெப்பநிலைதான் திரையில் தெரியும். அறை வெப்பநிலை, எல்லாம் நலம் என்பதுபோல! ஆகவே ஒரே செல்லில் இரண்டு உணரிகளை ஒட்டி, அவற்றுக்கிடையே 5 டிகிரிக்கு மேல் வேறுபாடு வந்தாலும் நிறுத்தச் சொல்லுங்கள். உணரி கழன்று விழுந்தாலும் இதுவே காட்டிக்கொடுக்கும்.

படி 3: நிறுத்தத்தின் வரிசை. முதலில் மின்னோட்டத்தைச் சுழியாக்கி, பிறகு கான்டாக்டரை, அதாவது மின்சுற்றைத் துண்டிக்கும் மின்விசைச் சுவிட்சை, திறக்க வேண்டும். சுமையோடு திறந்தால் தீப்பொறி முனைகளை அரிக்கும். குளிர்விக்கும் விசிறியும் பதிவும் தொடர்ந்து ஓடட்டும். வெப்பம் தணிந்தாலும் சோதனை தானாகத் தொடங்கக் கூடாது. ஆள் வந்து பார்த்துத்தான் விடுவிக்க வேண்டும்.

கணினி உறைந்துபோனால் இவை எதுவும் நடக்காது. அதனால் கடைசி நிறுத்தத்தைக் கணினியிடம் விடாமல், வெப்பம் எல்லை மீறினால் தானே கான்டாக்டரைத் திறக்கும் தனி வெப்ப ரிலேவிடம் கொடுப்பதே என் விருப்பம்.

படி 4: எல்லையை அறை வெப்பநிலைக்குக் கீழே இறக்கிப் பாருங்கள். உணரியைப் பிடுங்கிப் பாருங்கள். மென்பொருளை வலிந்து மூடிவிட்டு, வெப்ப ரிலேயின் எல்லையையும் அப்படியே இறக்கிப் பாருங்கள். மூன்றிலும் கான்டாக்டர் திறக்க வேண்டும்.

பிற்சேர்க்கை: எச்சரிக்கை விளக்கு விட்டுவிட்டு மினுக்குவதாகச் சிலர் எழுதியிருந்தீர்கள். 40 டிகிரியில் எரிந்தால் 37-இல்தான் அணைய வேண்டும் என்று இடைவெளி கொடுங்கள், நின்றுவிடும்.