சண்டை விளையாட்டுக்கு எந்த மொழி? நான் சி ஷார்ப்புக்கு வந்த கதை

இருவர் மோதும் சண்டை விளையாட்டு ஒன்றைப் பொழுதுபோக்காக எழுதிவருகிறேன். முதல் வடிவம் பைத்தானில், பைகேம் என்ற விளையாட்டு நூலகம் வைத்து. குத்து, உதை, தடுப்பு எல்லாம் கைக்கு எப்படி இருக்கிறது என்று சோதிக்க அதைவிடச் சுலபமான வழி கிடையாது. ஆனால் இந்த வகை விளையாட்டு நொடிக்கு 60 ஃபிரேம் (திரையில் மாறும் ஒவ்வொரு படம்) ஓட வேண்டும், ஒரு ஃபிரேமுக்கு 16.67 மில்லிநொடிதான். இணையத்தில் ரோல்பேக் முறையில் ஆட வேண்டுமென்றால், எதிராளி அழுத்திய பட்டன் தாமதமாக வந்து சேரும்போது பழைய நிலைக்குத் திரும்பிப்போய், ஏழெட்டு ஃபிரேம்களை அந்த நேரத்துக்குள்ளேயே மறுபடி கணக்கிட்டாக வேண்டும். அங்கேதான் என் நிரல் திணறியது.

சி++ எடுத்தால் வேகத்துக்குக் குறைவில்லை, 2019-இல் எம்ஐடி என்ற திறந்த மூல உரிமத்தில் வெளியிடப்பட்ட, ரோல்பேக்குக்கான ஜிஜிபிஓ நூலகமும் அதில்தான் இருக்கிறது. ஆனால் வேலை முடிந்து வந்து மாலையில் மட்டும் உட்காருகிற எனக்கு நினைவகத்தோடு மல்லுக்கட்ட நேரமில்லை. சரி, நினைவகத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் சி ஷார்ப், கூடவே மோனோகேம் என்ற விளையாட்டுக் கட்டமைப்பு என்று முடிவு செய்தேன்.

மொழி மாறியது பாதிதான். இடம், வேகம் எல்லாவற்றையும் முழு எண்ணாக்கினேன், 1 பிக்சலுக்கு 256 அலகு. தசம எண் கணக்கு கணினிக்குக் கணினி கடைசி இலக்கத்தில் மாறலாம், அப்புறம் இரண்டு திரையிலும் வெவ்வேறு ஆட்டம் ஓடும். ஆட்டத்தின் முழு நிலையும் ஒரே ஸ்ட்ரக்ட்டில் (மதிப்புகளின் தொகுப்பு) இருப்பதால் அதை நகலெடுத்தாலே சேமித்த மாதிரி. ஃபிரேமுக்குள் புது ஆப்ஜெக்ட் உருவாக்கவே கூடாது, பயன்படாத நினைவகத்தை விடுவிக்கும் கார்பேஜ் கலெக்டர் காம்போவின் (தொடர் அடிகளின்) நடுவே புகுந்து ஒரு ஃபிரேமை விழுங்கிவிடும்.

இன்ஜின் எழுதும் ஆசை இல்லை, பாத்திரங்கள்தான் முக்கியம் என்பவர்கள் கோ மொழியில் எழுதப்பட்ட இகெமென் கோ என்ற தயார் இன்ஜினை எடுத்துக்கொள்ளலாம். மியூஜென் என்ற பழைய சண்டை விளையாட்டு இன்ஜினுக்கு உருவாக்கிய பாத்திரங்கள் பெரும்பாலும் அதில் ஓடும்.