கொலிஜ் என்று கண்டதும் டிக் போட்டுவிடாதீர்கள்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கமிருந்து பிள்ளைகளோடு கனடாவின் ஒன்ராறியோவுக்கு வந்திறங்குகிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லவேண்டும். நம்மட ஊரில் கொலிஜ் என்றால் மைக்கேல் கொலிஜ் மாதிரிப் பள்ளிக்கூடம், சொல்லவே பெருமை. இங்கே கொலிஜ் என்றால் பள்ளிக்கூடம் முடித்தபின் தொழில் சார்ந்து படிக்கிற இடம், கம்பஸ் என்கிற பல்கலைக்கழகம் வேறு. களுவாஞ்சிக்குடியில் இருந்து வந்த என் மச்சான், மகன் 10ஆம் வகுப்பில் இருந்தபோது வந்த பாடத்தெரிவுப் படிவத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்துவைத்து, கணிதத்துக்கு நேரே 'கொலிஜ்' என்றிருந்த பெட்டியில் சந்தோசமாக டிக் போட்டுக் கையெழுத்தும் வைத்துவிட்டார். பொடியனுக்கோ எஞ்சினியரிங் ஆசை.

விஷயம் இதுதான். 11, 12ஆம் வகுப்புப் பாடங்களின் குறியீட்டில் கடைசியில் ஒரு எழுத்து இருக்கும். யூ என்றால் கம்பஸுக்கு, சி என்றால் கொலிஜுக்கு, எம் இரண்டுக்கும் பொது. கம்பஸ் போக 12ஆம் வகுப்பில் யூ அல்லது எம் பாடங்கள் ஆறு வேண்டும், ஆங்கிலம் யூவாகவே இருக்கவேண்டும். எஞ்சினியரிங் என்றால் அட்வான்ஸ்ட் ஃபங்ஷன்ஸ், கல்குலஸ் என்ற இரண்டு கணிதப் பாடமும் பௌதிகவியல், இரசாயனவியலுமாக நாலும் சேரும். அந்த அட்வான்ஸ்ட் ஃபங்ஷன்ஸில் இருக்க 11இல் ஃபங்ஷன்ஸ் என்ற யூ கணிதம் முடித்திருப்பதுதான் வழமையான பாதை, 11ஆம் வகுப்புக் கொலிஜ் கணிதம் படித்துவிட்டு நேரே போகமுடியாது. மச்சானின் மகன் ஜூலை முழுக்க சமர் ஸ்கூலில் இருந்துதான் அதை எடுத்தான். ஒரு பாடம் முடித்தால் கிடைப்பது ஒரு கிரெடிட், அதற்கு 110 மணித்தியாலம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊரில் கம்பஸ் போக எழுதும் ஏ/எல் போல கடைசியில் ஒரே சோதனை, இசட் ஸ்கோர், மாவட்டக் கோட்டா ஒன்றும் இங்கே இல்லை. வருசம் முழுக்கச் செய்யும் அசைன்மென்டும் சின்னச் சின்ன டெஸ்டும்தான் புள்ளியில் பெரும்பகுதி. அதனால் 'கடைசி மூன்று மாதம் ரியூசனில் போட்டுப் பிடிக்கலாம், மறுகா பார்ப்பம்' என்ற நம்மட பழைய கணக்கு சரிவராது.

பிள்ளையை ஈ.எஸ்.எல் (ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படிப்பிக்கும்) வகுப்பில் போட்டால் ரோசப்படாதீர்கள், அதில் மூன்று கிரெடிட் வரை கட்டாய ஆங்கிலத்துக்கே சேரும். ஆனால் 12ஆம் வகுப்பு யூ ஆங்கிலத்துக்கு முன் 11ஆம் வகுப்பு யூ ஆங்கிலம் வேண்டும், ஆகவே பின்னுக்கிருந்து வருசத்தை எண்ணிப் பாருங்கள். போதாவிட்டால் இன்னொரு வருசம் கூடப் படிக்கலாம், அது ஃபெயில் இல்லை. ஊரில் இருக்கும் சொந்தக்காரருக்கு அதை விளங்கப்படுத்துவதுதான் கஷ்டம்!

பள்ளிக்கூடம் முடித்து எடுக்கும் டிப்ளோமாவுக்கு மொத்தம் 30 கிரெடிட், 40 மணித்தியாலத் தொண்டு வேலை, எழுத்தறிவுச் சோதனை ஒன்று. வரும்போது தேர்ச்சி அறிக்கைகள், ஓ/எல் பெறுபேறு எல்லாம் கொண்டுவாருங்கள், ஊரில் படித்ததற்கும் அதிபர் கிரெடிட் கணக்கிடுவார். ரொறன்ரோவில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கும் கிரெடிட் உண்டு.

பாடத்தெரிவுப் படிவம் வந்தால் கையெழுத்து வைக்கமுன் பள்ளிக்கூடத்தில் பாடத்தெரிவுக்கு வழிகாட்டும் கைடன்ஸ் கவுன்சலரிடம் நேரம் கேளுங்கள், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றும் கூச்சப்படாமல் சொல்லுங்கள். மச்சான் இப்போது தன் சின்ன மகளின் படிவத்தை என்னிடம் காட்டாமல் பேனையைத் தொடுவதில்லை.