"இது வாரன்டில வராது" என்று டீலர் சொன்னால்: நெல்லைக் கார்க்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

சர்வீஸ் சென்டர் கவுன்டரில் "அண்ணாச்சி, இது வாரன்டில வராது" என்று அட்வைசர் சொல்லும் நேரத்தில், பெரும்பாலும் உங்கள் கோரிக்கை கார் கம்பெனிக்கு இன்னும் போயே இருக்காது. வாரன்டி கொடுப்பது கம்பெனி. டீலர் வேலையைச் செய்து முடித்துவிட்டு, பாகத்தின் விலையையும் கூலியையும் கம்பெனியிடம் கேட்டு வாங்குகிறவர். கம்பெனி தள்ளிவிட்டால் நஷ்டம் டீலர் தலையில். அதனால் சந்தேகமான கேஸை மேலே அனுப்புவதைவிட உங்களுக்கே பில் போடுவது அவருக்கு நிம்மதி. இது தெரிந்தால் முதலில் செய்ய வேண்டியதும் தெரிந்துவிடும். வேலைக்கு நீங்கள் சம்மதம் சொல்வதற்கு முன்பு, அந்த வாய்வார்த்தை எழுத்தாக வேண்டும். பின்னால் வரும் எதுவும் இதன் மேல்தான் நிற்கும்.

முதல் இரண்டு மணி நேரம்

வண்டியை விடும்போது அவர்கள் போடும் வேலைச் சீட்டான ஜாப் கார்டில் புகாரை உங்கள் வார்த்தையில் எழுதச் சொல்லுங்கள். "கிளட்ச் செக்" என்று இரண்டு வார்த்தை எழுதி முடித்தால் பிறகு எதையும் நிரூபிக்க முடியாது. "ஏற்றத்தில் மூன்றாம் கியரில் ரேஸ் ஏறுகிறது, வண்டி இழுக்கவில்லை, நிறுத்திய இடத்தில் இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தின் அடியில் எண்ணெய்ச் சொட்டு" என்று இருக்க வேண்டும். இன்ஜின் சூடாக இருக்கும்போதா, காலையில் முதல் ஸ்டார்ட்டிலா, எந்த வேகத்தில் என்பதையும் சேர்க்கச் சொல்லுங்கள். ஓடிய கிலோமீட்டர் தெரிய டாஷ்போர்டைப் படம் எடுங்கள். கையெழுத்துப் போட்ட ஜாப் கார்டின் நகல் கையில் இல்லாமல் வண்டியை விட்டுவிட்டு வராதீர்கள்.

வாரன்டி முடிய ஒரு மாதமோ ஆயிரம் கிலோமீட்டரோ இருக்கும்போது சின்னச் சத்தம் கேட்டாலும் போய்ப் பதிவு செய்துவிடுவது நல்லது. வாரன்டிக்குள் ஜாப் கார்டில் ஏறிய புகார், தேதி தாண்டிய பிறகு பெரிதானாலும் வலுவாக நிற்கும். "சவுண்ட் நார்மல்தான்" என்று வாயால் சொல்லி அனுப்பப்பட்ட புகாருக்கு எந்தச் சாட்சியும் கிடையாது.

இன்ஜின் லைட் எரிந்திருந்தால், ஸ்கேனரைப் போட்டதும் அதில் வரும் பழுது எண்ணை (எரர் கோட்) அழிப்பதற்கு முன் பிரின்ட் கேளுங்கள். அந்தப் பழுது எண் பதிவான கணத்தில் ஆர்.பி.எம்., கூலன்ட் வெப்பம், வேகம், இன்ஜின் மீதிருந்த சுமை ஆகியவை அதோடு சேர்ந்து பதிவாகும். ஃப்ரீஸ் ஃப்ரேம் என்பார்கள். "சூடு ஏறின பிறகும் ஓட்டிட்டீங்க" என்ற வாதத்தை உடைப்பதும் உறுதிப்படுத்துவதும் இந்தத் தாள்தான். பழுது எண்ணை அழித்தால் இதுவும் போய்விடும். பல வண்டிகளில் பேட்டரி ஒயரைக் கழற்றினாலும் போகும்.

பிரித்துப் பார்ப்பதற்கான கூலி தனிச் சண்டை. கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்த பிறகு குறை வாரன்டிக்குள் வந்தால் அந்தக் கூலி யாருடையது, வராவிட்டால் எவ்வளவு என்று இறக்குவதற்கு முன்பே எழுதி வாங்குங்கள். இப்போது எஸ்டிமேட் கைப்பேசிக்கு லிங்க்காக வருகிறது. அதில் "அப்ரூவ்" என்று விரல் வைத்தாலும், ஓ.டி.பி.யை அட்வைசரிடம் சொன்னாலும் அது சம்மதம்தான். நீங்கள் சம்மதித்துச் செய்த வேலைக்குப் பணம் தராவிட்டால் வண்டியைப் பிடித்துவைக்க டீலருக்கு உரிமை உண்டு. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 170-ஆம் பிரிவு. ஆகவே "வேலைய முடிங்க, அப்புறம் பாத்துக்கலாம்" என்பதைவிட மோசமான பேச்சு வேறில்லை.

"வாரன்டில வராது" என்றால் உங்கள் பதில் இப்படி இருக்கட்டும்: "சரி தம்பி, எந்தக் கண்டிஷன்படி வராதுன்னு எழுதித் தந்திருங்க." தயங்கினால், கவுன்டரிலேயே நின்று சர்வீஸ் மேனேஜருக்கு மின்னஞ்சல் தட்டுங்கள்:

"என் வண்டி எண் ..., ஜாப் கார்டு எண் ..., ஓடிய தூரம் ... கி.மீ. இந்தப் பழுது வாரன்டியில் வராது என்று இன்று வாய்மொழியாகச் சொல்லப்பட்டது. வாரன்டி கையேட்டின் எந்த நிபந்தனைப்படி மறுக்கிறீர்கள், எந்தப் பரிசோதனையின் அடிப்படையில் இந்த முடிவு, கம்பெனிக்கு கிளைம் அனுப்பப்பட்டதா என்பதை எழுத்தில் தெரிவிக்கவும். அதுவரை கட்டண வேலை எதற்கும் என் சம்மதம் இல்லை. பிரித்த பாகங்களை அப்படியே வைத்திருக்கவும்."

கம்பெனியின் வாடிக்கையாளர் சேவை முகவரிக்கும் ஒரு நகல் போகட்டும். மேலிடம் பார்க்கிறது என்று தெரிந்ததும் "வராது" என்பது "கேட்டுப் பார்க்கிறோம்" என்று மாறுவது சகஜம்.

அவர்கள் சொல்லும் காரணம், நீங்கள் பார்க்க வேண்டிய இடம்

தேய்மானப் பாகம் என்பதுதான் அதிகம் கேட்கும் பதில். பிரேக் பேட், வைப்பர், ஃபில்டர், பல்பு போன்றவற்றில் அது பெரும்பாலும் நியாயம், வாதாடி நேரத்தைக் கெடுக்காதீர்கள். டயருக்கும் பேட்டரிக்கும் அவற்றைச் செய்த கம்பெனியின் வாரன்டி தனி.

கிளட்ச் அப்படியல்ல. இறக்கிய பிறகு போய் நேரில் பாருங்கள். பிளேட்டின் லைனிங் இரண்டு பக்கமும் சீராகத் தேய்ந்து ரிவெட் வரை வந்திருந்தால், ஃப்ளைவீலில் நீலம் பாரித்த சூட்டுத் திட்டு இருந்தால், அரை கிளட்ச்சில் ஓட்டிய தேய்மானம். பில்லைக் கட்டுவதுதான் வழி. லைனிங் கனமாக இருக்க நடுவில் உள்ள ஸ்பிரிங் உடைந்திருந்தாலோ ஹப்பில் கீறல் இருந்தாலோ அது பாகத்தின் குறை. லைனிங் எண்ணெயில் ஊறிக் கறுத்திருந்தால் குற்றவாளி கிளட்ச்சே இல்லை; கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்க ஆயில் சீலோ கியர்பாக்ஸ் சீலோ கசிந்திருக்கிறது. சீல் வாரன்டிப் பாகம் என்றால், அதனால் வழுக்கிக் கெட்ட பிளேட்டையும் அதே கணக்கில் கேட்க வேண்டும். லைனிங்கின் கனத்தை வெர்னியர் வைத்து அளக்கச் சொல்லி, சர்வீஸ் மேனுவலில் உள்ள குறைந்தபட்ச அளவோடு பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். "தேஞ்சுட்டு" என்பது அளவு அல்ல.

எலிக் கடி. சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் பக்கம் வயல் ஓரத்தில் வண்டி நிறுத்துகிறவர்களுக்கு அறுவடைக் காலத்தில் இது உண்மையாகவே நடக்கிறது, வாரன்டியில் வராது. ஆனால் கருகிய ஒயர் எல்லாம் எலி கடித்தது ஆகாது. கடித்த இடத்தில் இரட்டைப் பல் தடம், சீவிய பிளாஸ்டிக் துணுக்கு, பக்கத்தில் புழுக்கை இருக்கும். ஒயர் ஒரு பக்கம் மட்டும் தட்டையாகத் தேய்ந்து பளபளத்து, எதிரே இரும்பு பிராக்கெட்டிலும் அதே தடம் இருந்தால் அது உரசல். கிளிப் சரியாகப் பொருத்தப்படவில்லை என்று பொருள். இரண்டையும் கிட்டத்தில் படம் எடுங்கள்.

தண்ணீர் புகுந்தது என்பது 2023 டிசம்பர் 17, 18 மழைக்குப் பிறகு எல்லார் காதிலும் விழுந்த சொல். தாமிரபரணி ஊருக்குள் வந்த அந்த இரண்டு நாளில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து கனெக்டிங் ராடு (இன்ஜினுக்குள் பிஸ்டனைப் பிடித்திருக்கும் தண்டு) வளைந்தது என்றால் அது வாரன்டிக் கேஸ் இல்லை. இன்சூரன்ஸில், அதுவும் இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் கவர் எடுத்திருந்தால்தான் பேச்சு. ஆனால் வெயில் காலத்தில் ராடு வளைந்ததற்கும் அதே பதில் வந்தால் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். வெளித் தண்ணீர் உள்ளே போனால் ஃபில்டர் தாளில் நீர்க்கறையும் பெட்டியின் அடியில் வண்டலும் இருக்கும். பெட்டி காய்ந்து சுத்தமாக இருந்து கூலன்ட் அளவு குறைந்திருந்தால், ஹெட் கேஸ்கட் வழியாக உள் தண்ணீரே சிலிண்டருக்குள் இறங்கியிருக்கலாம். விளைவு ஒன்றுதான், பொறுப்பு வேறு.

கலப்பட எரிபொருள் என்றால் ஆய்வறிக்கை கேளுங்கள். டாங்கில் எடுத்த மாதிரியை உங்கள் முன்னால் இரண்டு பாத்திரத்தில் சீல் வைத்து ஒன்றை உங்களிடம் தரச் சொல்லுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோலில் தண்ணீர் சேர்ந்தால் எத்தனாலோடு பிரிந்து அடியில் தங்கும். கண்ணாடிப் பாட்டிலில் சற்று நேரம் வைத்தாலே கோடு தெரியும். பங்க் பில் இருந்தால் பத்திரப்படுத்துங்கள், உண்மையிலேயே கலப்படம் என்றால் சண்டை அங்கே போக வேண்டும்.

உவரி, கூடங்குளம் பக்கத்துக் கடல் காற்றில் வரும் துரு பற்றி ஒரே வரி: மேலே பெயின்ட் கீறி வந்த துருவும் உள்ளிருந்து தகட்டைத் துளைத்து வந்த துருவும் கையேட்டில் தனித்தனியாக இருக்கும், இரண்டையும் குழப்பாதீர்கள்.

வெளிப் பட்டறை. பேட்டையிலோ மேலப்பாளையத்திலோ தெரிந்த மெக்கானிக்கிடம் ஆயில் மாற்றியதைக் காட்டி முழு வாரன்டியும் போச்சு என்பார்கள். இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் கம்பெனிகள் மீது போட்ட உத்தரவில், வெளியே வேலை பார்த்தார் என்பதற்காக ஒட்டுமொத்தமாக வாரன்டியை ரத்து செய்யும் நிபந்தனை கூடாது, அந்த வெளி வேலையின் தவறால் வந்த சேதம் வரைக்கும் மட்டுமே மறுக்கலாம் என்று சொன்னது. அந்த வழக்கு மேல்முறையீடு வரை போனது, அதனால் இதைப் பிரம்மாஸ்திரம் என்று நினைக்க வேண்டாம். கேள்வியாக வையுங்கள்: "ஆயில் மாத்தினதுக்கும் பவர் விண்டோ மோட்டார் கெட்டதுக்கும் என்ன சம்பந்தம்?" அதேசமயம், ஆயில் மாற்றாமலே 20,000 கிலோமீட்டர் ஓட்டி டர்போ போனால் அந்தக் கேள்விக்கு வலு கிடையாது. வெளியே மாற்றினாலும் ஆயிலின் கிரேடு, அளவு, தேதி போட்ட பில் வேண்டும். ஒயரை வெட்டி ஒட்டி மாட்டிய ஹாரன், எல்.ஈ.டி. லைட் விஷயமும் இதே. ஷோரூமே மாட்டித் தந்தது என்றால் அந்த அக்ஸசரி பில் உங்கள் ஆயுதம்.

பணம் கட்டியே ஆக வேண்டும் என்றால்

மகள் கல்யாணம் அடுத்த வாரம், வண்டி இல்லாமல் முடியாது என்ற நிலை வரும். கட்டுங்கள், ஆனால் "வாரன்டி உரிமையை விட்டுக்கொடுக்காமல், ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று பில்லில் எழுதிக் கையெழுத்திட்டு, அதையே மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். ரொக்கம் வேண்டாம். "முழுத் திருப்தி" என்று அச்சடித்த தாளில் கையெழுத்துக் கேட்டால் அந்த வரியை அடித்துவிட்டுப் போடுங்கள். பாகம் தனி, கூலி தனி, பாக எண்ணோடு வரி பில் வாங்குங்கள். நீங்கள் காசு கொடுத்து மாற்றிய பழைய பாகம் உங்களுடையது, கேட்டு வாங்குங்கள்.

இதற்கிடையில் நடு வழி ஒன்று உண்டு. வாரன்டி சில வாரம் தாண்டியிருந்து, சர்வீஸ் எல்லாம் அங்கேயே செய்திருந்தால் குட்வில் கிளைம், அதாவது கடமை இல்லாவிட்டாலும் கம்பெனி நல்லெண்ணத்தில் தரும் உதவி, கேளுங்கள். பாகம் கம்பெனி கணக்கு, கூலி உங்கள் கணக்கு என்பது போலப் பிரித்து முடிப்பார்கள். கம்பெனியின் ஏரியா சர்வீஸ் மேனேஜர் ஒர்க்‌ஷாப்புக்கு வரும் நாளைக் கேட்டு, அன்று வண்டியோடு நேரில் போங்கள். உங்கள் சேசிஸ் எண்ணுக்கு இந்தக் குறைக்காக ரீகால் (கம்பெனியே வண்டியைத் திரும்ப அழைத்துச் சரிசெய்து தருவது) ஏதும் இருக்கிறதா என்று கம்பெனி இணையதளத்திலும் பாருங்கள். இருந்தால் வாரன்டிப் பேச்சே தேவைப்படாது.

நுகர்வோர் ஆணையம்

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அது தீர்ப்புச் சொல்லாது, ஆனால் புகார் கம்பெனியின் மேசைக்குப் போகும், புகார் எண் கிடைக்கும். பிறகு டீலருக்கும் கம்பெனிக்கும் 15 நாள் கெடு வைத்து நோட்டீஸ். பதிவுத் தபால் 2025-ல் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது. ஒப்புகையோடு அனுப்பி ரசீதை வையுங்கள். காவல் நிலையத்துக்கு அலைவதில் பயன் இல்லை, இது சிவில் தகராறு.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். நீங்கள் வசிக்கும் இடத்திலேயே போடலாம் என்பதால், மதுரையிலோ நாகர்கோவிலிலோ வாங்கிய காருக்கும் வள்ளியூர்க்காரர் நெல்லையிலேயே வழக்குப் போட முடியும். கட்டணம் 5 லட்சம் வரை இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400, 50 லட்சம் வரை 1,000. வக்கீல் கட்டாயம் இல்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் இணையவழியாகவும் தாக்கல் செய்யலாம். எதிர்தரப்பு 30 நாளுக்குள் பதில் போட வேண்டும், மேற்கொண்டு 15 நாள் மட்டுமே நீட்டிக்கலாம். வழக்கை முடிக்க மூன்று மாதம், பாகத்தைச் சோதிக்க வேண்டியிருந்தால் ஐந்து மாதம் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதைவிட இழுக்கும், மனத்தைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள்.

டாக்ஸி போர்டு வண்டி என்றால் "வணிக நோக்கம்" என்று எதிர்ப்பார்கள். பிழைப்புக்காகத் தானே ஓட்டுகிறவர் நுகர்வோர்தான். அதை மனுவின் முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். டீலரையும் கம்பெனியையும் சேர்த்தே எதிர்தரப்பாக்குங்கள், இல்லையென்றால் ஒருவர் மற்றவரைக் காட்டித் தப்புவார்.

கேட்பதில் அளவு வேண்டும். ஒரு பாகம் கெட்டதற்குப் புதுக் கார் கேட்டு மனுப் போட்டால் வழக்கு பலவீனப்படும். வாரன்டி என்பது குறையுள்ள பாகத்தை மாற்றித் தருவதுதான், காரையே மாற்றுவதல்ல என்று 2006-ல் உச்ச நீதிமன்றம் ஒரு கிளட்ச் வழக்கில் சொல்லியிருக்கிறது. பில் தொகை, வட்டி, வண்டி நின்ற நாட்களுக்கு வாடகை வண்டிச் செலவு ரசீதோடு, மன உளைச்சலுக்கு நியாயமான தொகை, வழக்குச் செலவு: இவ்வளவு கேட்டால் போதும்.

பல வழக்குகள் தோற்பது நிபுணர் அறிக்கை இல்லாததால். குறை கண்ணால் பார்த்துத் தெரியாததாக இருந்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஆம் பிரிவின்படி பாகத்தைத் தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லி வழக்கின் தொடக்கத்திலேயே தனி மனு போடுங்கள். அதுவரை அந்தப் பழைய பாகத்தைக் கழுவாதீர்கள், எண்ணெய்க் கறையும் சாட்சி. பிளாஸ்டிக் பையில் கட்டி, வண்டி எண்ணும் ஜாப் கார்டு எண்ணும் தேதியும் எழுதிய அட்டையைக் கோத்து, வீட்டில் எல்லாரிடமும் சொல்லி வையுங்கள். பழைய இரும்புக்காரர் தெருவில் வரும்போது யாராவது எடைக்குப் போட்டுவிட்டால் ஆய்வகத்துக்கு அனுப்ப எதுவும் இருக்காது.