கிர்ஷ்னரின் பூனை ஓவியத்தைப் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எர்ன்ஸ்ட் லுட்விக் கிர்ஷ்னர் 1920இல் ஒரு பூனையோடு தன்னை வரைந்துகொண்டார். அந்த ஓவியம் இப்போது அமெரிக்காவில், ஹார்வர்டு பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இந்த ஜெர்மன் எக்ஸ்பிரஷனிச (உள்ளுணர்வைக் காட்ட நிறத்தையும் வடிவத்தையும் மாற்றி வரையும் பாணி) ஓவியரைப் பற்றித் தேடினால் முதலில் கண்ணில் படுவது அவருடைய முடிவுதான். 1937இல் நாஜி அரசு அவருடைய 600க்கும் மேற்பட்ட படைப்புகளைப் பறிமுதல் செய்தது. 1938 ஜூனில் அவர் தற்கொலை செய்துகொண்டார். இதைப் படித்துவிட்டு வருகிறவர்கள் 1920ஆம் ஆண்டின் முகத்தில் 1938ஐத் தேடுகிறார்கள். இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான்.

அந்த வருடம் அவர் சுவிட்சர்லாந்தில், டாவோஸுக்குப் பக்கத்தில் ஃபிராவுன்கிர்ஷ் என்ற மலைக்கிராமத்தில் இருந்தார். 1915இல், முதல் உலகப் போரின்போது, பீரங்கிப் படைப் பயிற்சியிலேயே மனம் உடைந்து வெளியேறியவர். அப்புறம் சிகிச்சை இல்லங்கள், தூக்க மருந்து, மார்ஃபின். 1917இல் மலைக்கு வந்தபிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினார். அதனால் அந்த முகத்தில் களைப்பு தெரிந்தால், பிழைத்து எழுந்த ஒருவரின் களைப்பாக அதைப் பாருங்கள்.

1915இல் அவர் தன்னைப் படைவீரராக வரைந்த ஓவியத்திலும் இதே சிக்கல் உண்டு. அதில் வலது கை மணிக்கட்டோடு துண்டிக்கப்பட்டிருக்கும். போர்முனையில் கையை இழந்தார் என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். அவர் போர்முனைக்கே போகவில்லை, கையும் பத்திரமாகவே இருந்தது. இனி வரையவே முடியாமல் போய்விடுமோ என்ற பயம்தான் அங்கே வெட்டுண்ட கையாக நிற்கிறது.

சரி, பூனை? மர்மம், சாபம், தனிமை என்று உடனே ஒரு அர்த்தத்தை அதன் தலையில் கட்டிவிடாதீர்கள். மேய்ச்சலுக்கு மலையேறும் மாடுகளையும் ஆடுகளையும் அந்த ஆண்டுகளில் அவர் ஆசையாக வரைந்தார். விலங்குகள் அவருடைய அன்றாட வாழ்க்கையில் இருந்தன. பூனையை முதலில் பூனையாகப் பார்த்தால் போதும், மனிதருக்கும் அதற்கும் நடுவில் இருக்கும் இணக்கம் தானாகவே பிடிபடும். எனக்கு அந்த இணக்கம்தான் ஓவியத்தின் உயிர்.

கோணலான கோடுகளைப் பார்த்து 'வரையத் தெரியாதவர்' என்று நினைப்பதும் தவறு. டிரெஸ்டனில் கட்டடக்கலை படித்து 1905இல் பட்டம் பெற்றவர் அவர். அதே ஆண்டில்தான் நண்பர்களோடு 'பாலம்' என்ற ஓவியர் குழுவைத் தொடங்கினார். இயல்பு நிறத்தையும் அளவையும் தெரிந்தே விட்டார்.

கடைசியாக, கிர்ஷ்னரின் எந்த ஓவியமானாலும் அதில் அவர் எழுதிய ஆண்டை மட்டும் நம்ப வேண்டாம். தன் படைப்புகள் பலவற்றுக்கு உண்மையைவிட முந்தைய ஆண்டைப் போடுவது அவர் வழக்கம். பழைய ஓவியங்களின் மேல் பல வருடம் கழித்து மறுபடி வண்ணம் பூசியும் இருக்கிறார். அருங்காட்சியகக் குறிப்பில் 'பின்னர் திருத்தப்பட்டது' என்று இரண்டாவது ஆண்டு ஏதும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு அவர் வாழ்க்கையோடு பொருத்திப் பாருங்கள்.