பெங்களூரு வெயிலில் டீ-ஐசிங் பூட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2008-இல் பயணிகள் விமானங்கள் தேவனஹள்ளி விமான நிலையத்துக்குப் போய்விட்டாலும், பிசினஸ் ஜெட்டுகள் இன்னும் பழைய எச்.ஏ.எல். விமான நிலையத்துக்கு வருகின்றன. அங்கே ஹேங்கரில் புதிதாகச் சேரும் நம்ம ஊர்ப் பையன்கள், இறக்கையின் முன்விளிம்பில் ஒட்டியிருக்கும் கறுப்பு ரப்பர் உறையை, அதாவது பனிக்கட்டியை உடைக்கும் டீ-ஐசிங் பூட்டை, தொட்டுப் பார்த்து, "இந்த ஊருக்கு இது எதுக்குண்ணே?" என்பார்கள். தரையில் 30 டிகிரி அடிக்கும்போதும் சுமார் 16,000 அடிக்கு மேலே பூஜ்யத்துக்குக் கீழேதான். மழைக்கால மேகத்துக்குள் போனால் பனிக்கட்டி ஒட்டத்தான் செய்யும்.

எஞ்சின் காற்றில் பூட் உப்பும், பனிக்கட்டி உடைந்து பறக்கும். மற்ற நேரத்தில் உறிஞ்சல் அதை இறக்கையோடு இழுத்துப் பிடித்திருக்கும். ஊசி ஓட்டையை 'சின்னதுதானே' என்று விடக் கூடாது என்பது இதனால்தான். அந்த உறிஞ்சல் ஓட்டை வழியாக மழைத்தண்ணீரையும் உள்ளே இழுத்துவிடும், மேலே போனதும் அது குழாயில் உறையும். பூட்டை உப்பவிட்டு, சோப்பு நுரை தடவி, குமிழி எங்கே வருகிறது என்று பாருங்கள். சில சைட்டேஷன் ரக ஜெட்டுகளில் இறக்கைக்குச் சூடான காற்று, வாலுக்கு மட்டும் பூட். ஏணி போடச் சோம்பல்பட்டால் அந்த வால் பூட்டை யாருமே பார்ப்பதில்லை.

பூச்சிக் கறையை எரிபொருள் நனைத்த துணியால் துடைப்பது அடுத்த வினை. ரப்பர் ஊறிக் கெட்டுவிடும், மிதமான சோப்புத் தண்ணீரே போதும். கார் டேஷ்போர்டு பாலிஷ் போட்டால் பளபளக்கும், சரி. அப்புறம் ஒட்டுப் போட்டால் ஒட்டாது. வெயிலிலிருந்து காக்க, கையேடு சொல்லும் பூச்சு மட்டுமே. எரிபொருள் ஹோஸைப் பூட் மேலே இழுக்காதீர்கள்.

விமானிகள் பக்கம் ஒரு பழைய நம்பிக்கை உண்டு: கால் அங்குலமாவது பனி சேர்ந்த பிறகே பூட்டை இயக்க வேண்டும், இல்லாவிட்டால் உப்பிய வடிவத்தின் மேலேயே பனி கூடு கட்டிவிடும் என்று. மெதுவாக உப்பிய அந்தக் காலப் பூட்டுகளோடு வந்த பேச்சு அது. இன்றைய பூட்டுகளுக்குப் பெரும்பாலும் பனியின் முதல் அறிகுறியிலேயே சுவிட்சைப் போடச் சொல்கிறார்கள். உங்கள் விமானக் கையேடு சொல்வதே கடைசி வார்த்தை. மைனஸ் 40 டிகிரிக்குக் கீழே இயக்கினால் ரப்பர் நிரந்தரமாகக் கெடலாம் என்ற எச்சரிக்கையும் பலவற்றில் உண்டு.

2014 டிசம்பரில் அமெரிக்காவின் கெய்தர்ஸ்பர்கில் ஃபீனம் 100 ரகச் சிறு ஜெட் ஒன்று தரையிறங்கும் முன் விழுந்து 6 பேர் இறந்தார்கள். பூட் இயக்கப்படவே இல்லை, பனிக்கு உரிய வேகமும் வைக்கப்படவில்லை. பனியோடு இறங்க வேகம் கூடுதலாக வேண்டும், ஓடுபாதையும் நீளமாக வேண்டும். அந்தக் கணக்கைக் கிளம்பும் முன்பே போட்டுவிடுங்கள்.