நாற்றுப் பச்சையை கிளிப்பச்சை ஆக்காதீர்கள்

திருவையாறு பக்கம் குறுவை வயலை போனில் எடுத்து, லைட்ரூம் என்ற படம் திருத்தும் செயலியில் சாச்சுரேஷனை (நிற அடர்த்தியை) 60 வரை தள்ளினேன். வயல் பிளாஸ்டிக் பாய் மாதிரி ஆனது, வரப்பில் நின்ற சித்தப்பா முகமோ மஞ்சள் பூசினாற்போல. சாச்சுரேஷன் எல்லா நிறத்தையும் சேர்த்து ஏற்றிவிடும், வைப்ரன்ஸ் மங்கலான நிறங்களைத்தான் அதிகம் ஏற்றும், தோல் நிறத்தை ஓரளவு விட்டுவைக்கும், அதனால் நிறத்துக்கு வைப்ரன்ஸை மட்டும் தொடுங்கள், 10, 15 போதும். அதற்கும் முன்னால் எக்ஸ்போஷர் (படத்தின் வெளிச்சம்), வைட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாகவே தெரிய வைப்பது) இரண்டையும் சரிசெய்யுங்கள். இளநாற்று இயல்பிலேயே மஞ்சள் கலந்த பச்சைதான், அதைத் திருத்தப் போக வேண்டாம். அப்புறம், கண் சீக்கிரம் பழகிவிடும் என்பதால் ஒரு காபி குடித்துவிட்டு வந்து, படத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்துப் பழைய படத்தைப் பாருங்கள். வித்தியாசம் திடுக்கென்று இருந்தால் ஸ்லைடர்களைப் பாதிக்குக் குறையுங்கள்.